போஸ்டாட் களிமண்ணும் வேலிக்கு வெளியே நின்றவர்களும்

விம்பிள்டன் இறுதியாட்டம் முடிந்த மறுநாளே எமது பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்களில் இருந்து டெனிஸ் காணாமல் போய்விடும். ஆகஸ்ட் மாதக் கடைசியில் நியூயோர்க்கில் அமெரிக்க பகிரங்க சுற்றுப்போட்டி ஆரம்பமாகும் வரை அந்த விளையாட்டுக்கு விடுமுறை என்றே வாசகர்களில் பலரும் எண்ணிக்கொண்டிருக்கக்கூடும். ஆனால், வீரர்களுக்கு விடுமுறை கிடையாது. புல்தரையில் இருந்து இறங்கி அவர்களில் ஒரு பகுதியினர் மீண்டும் ஐரோப்பாவின் களிமண் தரைகளுக்குத் திரும்பிவிடுவார்கள். சுவிற்சர்லாந்தின் கஸ்டாட், ஒஸ்ரியாவின் கிற்ஸ்பூல், குரோஷியாவின் உமாக் என்று அந்தக் கோடைகாலச் சுற்று நீளும். அவற்றில் ஒன்றுதான் சுவீடனின் தென்மேற்குக் கரையில் உள்ள போஸ்டாட்.

ஆங்கில எழுத்தை நம்பி இந்தப் பெயரை பஸ்டாட் என்று எழுதுவோர் உண்டு. முதல் உயிரெழுத்தின் தலையில் ஒரு சிறு வளையம் இருக்கிறது. அதனால் சுவீடன் மக்களின் வாயில் அது 'போ' என்றே ஒலிக்கும். 1990களின் ஆரம்பத்தில் நான் செய்திப்பிரிவில் இரவுக் கடமையில் இருந்த காலத்தில், ஜூலை மாத நடுப்பகுதியில் சர்வதேச செய்தி நிறுவனங்களின் தொலையச்சில் இந்த ஊரின் பெயர் தவறாமல் வந்து விழும். பக்கத்தின் அடியில் எஞ்சிக்கிடக்கும் இரண்டு அங்குல இடத்தை நிரப்புவதற்கு உதவிய பெயர் அது. அந்த இரண்டு அங்குலத்துக்குப் பின்னால் இத்தனை பெரிய அரசியல் வரலாறு இருக்கிறது என்பதைப் பின்னாளில் வாசித்து அறிந்தபோது வியப்பே ஏற்பட்டது.

போஸ்டாட் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் மாத்திரமே வாழ்கின்ற சிறிய கடற்கரைப் பட்டினம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை உல்லாச நகராக மாற்றியவர் லுட்விக் நோபல் என்ற பொறியியலாளர். நோபல் பரிசை நிறுவிய அல்பிரட் நோபலின் சகோதரரின் மகன். ஹோட்டல் கட்டினார், கோல்ஃப் மைதானம் அமைத்தார், டெனிஸ் ஆடுகளங்களையும் போட்டார். ஏப்ரல் மாதத்தில் கொழும்பின் வசதிபடைத்தோர் நுவரெலியாவுக்குப் படையெடுப்பதைப் போன்று ஸ்டொக்ஹோமின் பணக்காரக் குடும்பங்கள் கோடையில் அங்கே போகத் தொடங்கின. அரசர் ஐந்தாம் குஸ்தாவும் போனார்.

இந்த அரசரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். 1858இல் பிறந்த அவர், முதுமையிலும் டெனிஸ் ஆடுவதை விடவில்லை. போட்டிகளில் பதிவுசெய்யும்போது தனது பெயரை 'மிஸ்டர் ஜி' என்று கொடுப்பார். எதிரே நிற்பவர் அரசரென்று தெரிந்தும் தெரியாதவர் போல ஆடவேண்டும்! அமெரிக்காவில் உள்ள சர்வதேச டெனிஸ் புகழ் மண்டபத்தில் 1980இல் அவரது பெயர் சேர்க்கப்பட்டது. அவரது ஆட்டத்துக்காக அல்ல, டெனிஸுக்கு அவர் செய்த உதவிகளுக்காக. நாஜிகளின் பிடியில் அகப்பட்ட பிரெஞ்சு வீரர் ஜோன் பொரோத்ராவையும், தனது நண்பரும் ஜேர்மன் நட்சத்திரமுமான கொட்ஃபிரீட் வொன் கிராமையும் நல்லமுறையில் நடத்துமாறு அவர் தலையிட்டுக் கேட்டிருந்தார். விளையாட்டு வேறு, அரசியல் வேறு என்று அவர் இருந்துவிடவில்லை என்பதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. அந்த வாசகம் பின்னர் இதே ஊரில் பல தடவைகள் ஒலிக்கப்போகிறது.

போஸ்டாட்டின் சர்வதேச சுற்றுப்போட்டி 1948ஆம் ஆண்டு ஆரம்பமானது. ஆடுகளங்கள் துறைமுகத்துக்கு அருகில், கடற்காற்று வீசும் தூரத்தில் இருக்கின்றன. களிமண் தரை என்று நாம் பழக்கத்தில் சொன்னாலும் மேலே தெரிவது களிமண் அல்ல. செங்கல்லை இடித்துத் தூளாக்கி, கீழேயுள்ள கல் அடுக்குகளின் மீது சில மில்லிமீற்றர் கனத்தில் மாத்திரம் பரப்பியிருப்பார்கள். அதற்கு நாள்தோறும் தண்ணீர் தெளிக்க வேண்டும், வலையை இழுத்துச் சமப்படுத்த வேண்டும். பந்து அந்தத் தூளில் சற்றுத் தயங்கி உயர எழும்பும். பலமாக அடிப்பவனைவிடச் சலிக்காமல் ஓடுபவனுக்கே தரை துணைநிற்கும். பந்து விழுந்த இடத்தில் தடம் பதிந்துவிடுவதால், சந்தேகம் எழுந்தால் நடுவர் இறங்கிவந்து தடத்தைப் பார்ப்பது நீண்டகால வழக்கமாக இருந்தது. வேறு எந்தத் தரையிலும் இப்படிச் சாட்சி கிடைக்காது.

பொறுமையும் கால்பலமும் உள்ளவர்களுக்கான இந்தத் தரையில்தான் சுவீடன் தனது பொற்காலத்தை வளர்த்தெடுத்தது. பியோன் போர்க் 1974, 1978, 1979ஆம் ஆண்டுகளிலும் மற்ஸ் விலண்டர் 1982, 1983, 1985ஆம் ஆண்டுகளிலும் அங்கு வெற்றிபெற்றார்கள். நான்கு தடவைகள் வென்ற மக்னுஸ் குஸ்தாவ்சன் உலகளவில் அவ்வளவு பெயர்பெற்றவர் அல்ல. ஆனாலும், உள்ளூரில் சாதனை அவருடையதே.

ஆனால், போஸ்டாட் என்ற பெயரை சுவீடனின் அரசியல் வரலாற்றில் பதித்தது இந்த வெற்றிகள் எவையும் அல்ல. ஆடப்படாமல் போன ஆட்டமொன்றே அதைச் செய்தது.

1968 மே 3ஆம் திகதி. டேவிஸ் கிண்ணப் போட்டியில் ரொடீசியாவை எதிர்த்து சுவீடன் போஸ்டாட்டில் ஆடவிருந்தது. இன்றைய சிம்பாப்வேதான் அன்றைய ரொடீசியா. 1965 நவம்பரில் இயன் சிமித்தின் வெள்ளைச் சிறுபான்மை அரசாங்கம் பெரும்பான்மைக் கறுப்பின மக்களுக்கு ஆட்சியுரிமையைக் கொடுக்க மறுத்து, பிரிட்டனிடமிருந்து தன்னிச்சையாகச் சுதந்திரப் பிரகடனம் செய்திருந்தது. 1968 மார்ச்சில், பிரித்தானிய மகாராணி தண்டனைக் குறைப்பு வழங்கியிருந்தும் அதைப் பொருட்படுத்தாமல் மூன்று ஆபிரிக்கர்களை அந்த அரசாங்கம் தூக்கிலிட்டது. உலகம் கொதித்துக்கொண்டிருந்த அந்த வேளையில் அந்த நாட்டின் அணி செம்மண்ணில் பந்தடிக்க வந்து சேர்ந்தது.

மாணவர்களும் இளைஞர்களுமாகத் திரண்ட ஆர்ப்பாட்டக்காரர்கள் வேலியை நெருக்கினார்கள். கற்களும் முட்டைகளும் பறந்தன. பொலிஸார் தண்ணீரைப் பீய்ச்சியடித்தும் அவர்களைக் கலைக்க இயலவில்லை. ஆட்டம் கைவிடப்பட்டது. சில நாட்கள் கழித்து, பிரான்ஸின் தென்கரையில் உள்ள பந்தோல் என்ற இடத்தில், பார்வையாளர்கள் இல்லாமல், இரகசியமாக அதை ஆடி முடித்தார்கள். சுவீடன் வென்றது. அந்த வெற்றியைக் கொண்டாடியவர்கள் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை.

அதே மே 3ஆம் திகதிதான் பாரிஸில் சோர்போன் பல்கலைக்கழக வளாகத்துக்குள் பொலிஸார் நுழைந்தார்கள். ஐரோப்பாவை உலுக்கிய 1968 மே மாத எழுச்சியின் தொடக்கமாக அந்த நாளை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவார்கள். சுவீடனில் அதே எழுச்சி ஒரு பல்கலைக்கழகத்தில் அல்ல, டெனிஸ் மைதானத்து வாசலில் வெளிப்பட்டது. அந்த மாதம் முடிவதற்கு முன்னர், 29ஆம் திகதி, ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை ரொடீசியாவுக்கு எதிராக முழுமையான பொருளாதாரத் தடைகளை விதிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. போஸ்டாட் இளைஞர்களால்தான் அது நடந்தது என்று சொல்வது மிகையாகும். ஆனால், "விளையாட்டுக்குள் அரசியலைக் கொண்டுவந்த குழப்பக்காரர்கள்" என்று அன்று ஏசப்பட்டவர்கள் உலக நாடுகளைவிட 26 நாட்கள் முந்தி நின்றார்கள் என்பதை எவரும் மறுக்க இயலாது.

பிறகு சிலியின் முறை வந்தது. 1973 செப்டெம்பர் 11ஆம் திகதி ஜெனரல் பினோசே தலைமையிலான இராணுவம், தெரிவுசெய்யப்பட்ட ஜனாதிபதி சல்வதோர் அலெண்டேயின் அரசாங்கத்தைக் கவிழ்த்தது. சந்தியாகோவில் இருந்த சுவீடன் தூதுவர் ஹரால்ட் எடெல்ஸ்டாம், வேட்டையாடப்பட்டவர்களுக்கு அடைக்கலம் கொடுத்து அவர்களைக் காப்பாற்றினார். சிலி அகதிகள் பெருமளவில் சுவீடனுக்கு வந்துசேர்ந்தார்கள். சரியாக இரண்டு வருடங்கள் கழித்து, 1975 செப்டெம்பரில், டேவிஸ் கிண்ண அரையிறுதியில் சுவீடனின் எதிரணி சிலி. இடம் மீண்டும் போஸ்டாட்.

இந்தத் தடவை ஆட்டம் நடந்தது. அரசாங்கம் அதைத் தடைசெய்யவில்லை, பொலிஸாரும் 1968இன் அனுபவத்தை மறக்கவில்லை. ஆயிரக்கணக்கான ஆர்ப்பாட்டக்காரர்கள் ஊருக்குள் ஊர்வலமாக வந்தார்கள். பொலிஸார் பெருந்தொகையில் குவிக்கப்பட்டார்கள். உள்ளே அரங்கு ஏறக்குறைய வெறுமையாகக் கிடந்தது. பத்தொன்பது வயதான போர்க் தனது நாட்டை வெற்றிக்கு இட்டுச்சென்றார். அந்த ஆண்டு டிசெம்பரில் செக்கோஸ்லோவாக்கியாவை 3-2 என்று தோற்கடித்து சுவீடன் முதல் தடவையாக டேவிஸ் கிண்ணத்தைக் கைப்பற்றியது. சுவீடன் டெனிஸின் அந்தப் பெருமை, ஆளில்லாத ஓர் அரங்கைக் கடந்தே வரவேண்டியிருந்தது.

எதிர்ப்புறத்தில் நின்றவர்களை எவரும் அவ்வளவாக நினைத்துப் பார்ப்பதில்லை. சிலி அணியின் முன்னணி வீரர் ஹைமே ஃபிலியோல். அவருக்குக் கொலை அச்சுறுத்தல் வந்தது. பினோசேயின் சித்திரவதைக் கூடங்களுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? கையில் இருந்தது ஒரு மட்டை, நெஞ்சில் நாட்டின் பெயர். வெளியில் நின்ற சிலி அகதியும் உள்ளே ஆடிய சிலி வீரரும் ஒரே நாட்டின் பிள்ளைகள். அகதியின் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால், அந்தக் கோபம் போய்ச்சேர வேண்டிய முகவரியில் இருந்தவர் போஸ்டாட்டுக்கு வரவே இல்லை. அவர் சந்தியாகோவில் பாதுகாப்பாக இருந்தார்.

இந்த இடத்தில் சென்னைப் பிள்ளைகள் இருவரை நினைவுகூருவது பொருத்தம். 1974இல் விஜய் அமிர்தராஜும் அவரது அண்ணன் ஆனந்தும் இடம்பெற்ற இந்திய அணி, சோவியத் யூனியனை வென்று டேவிஸ் கிண்ண இறுதியாட்டத்துக்குத் தெரிவாகியிருந்தது. எதிரணி தென்னாபிரிக்கா. நிறவெறி ஆட்சியுடன் ஆடுவதற்கு இந்திய அரசாங்கம் மறுத்தது. ஒரு பந்துகூட அடிக்கப்படாமல் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போனது. அன்று விஜய்க்கு வயது இருபது. அடுத்த தடவை இந்தியா இறுதியாட்டத்துக்கு வந்தது 1987இல். அப்போது அவருக்கு முப்பத்துநான்கு. ரமேஷ் கிருஷ்ணனும் சேர்ந்திருந்த அந்த அணி, போஸ்டாட்டுக்கு வடக்கே அதே கரையில் உள்ள கோதன்பேர்க் நகரின் உள்ளரங்கில் சுவீடனைச் சந்தித்தது. புல்தரையில் இந்தியர்கள் ஆபத்தானவர்கள் என்பதை அறிந்த சுவீடன்காரர்கள், மண்டபத்துக்குள் களிமண் தரையைப் போட்டு வைத்திருந்தார்கள். முடிவு 5-0. 1974இன் முடிவு சரியானது என்பதே எனது கருத்து. ஆனால், அந்தச் சரியான முடிவுக்கான விலையைச் செலுத்தியவர்கள் அதை எடுத்த அரசியல்வாதிகள் அல்ல.

பினோசேயின் சிலி விவகாரம் போஸ்டாட்டுடன் முடிந்துவிடவில்லை. 1976இல் சோவியத் யூனியன் சிலியுடன் ஆட மறுத்ததால் சிலி இறுதியாட்டத்துக்கு வந்தது. எதிரணியான இத்தாலிக்குள் போவதா, விடுவதா என்று பெரும் விவாதம் மூண்டது. கடைசியில் போனார்கள். சந்தியாகோவில் நடந்த இரட்டையர் ஆட்டத்தில், இத்தாலியின் அட்ரியானோ பனத்தாவும் பவுலோ பெர்தொலூச்சியும் சிவப்புச் சட்டை அணிந்து இறங்கினார்கள். சிவப்பு எதைக் குறிக்கும் என்பது அந்த ஆட்சிக்குத் தெரியாதது அல்ல. வலைக்கு மறுபுறம் நின்றவர்களில் ஒருவர் அதே ஃபிலியோல். 1974இல் போஸ்டாட் இறுதியாட்டத்தில் போர்க்கிடம் தோற்றவர் அதே பனத்தா. டெனிஸ் உலகம் அவ்வளவு சிறியது.

பகிஷ்கரிப்பதா, ஆடுவதா, ஆடிக்கொண்டே எதிர்ப்பைக் காட்டுவதா? இந்த மூன்றில் எது சரி என்ற கேள்வி எமது நாட்டவர்களுக்குப் புதியது அல்ல. 2013இல் கார்டிஃப் நகரில் இலங்கையும் இந்தியாவும் மோதிய சம்பியன்ஸ் கிண்ண அரையிறுதியின்போது, புலம்பெயர்ந்த தமிழ் இளைஞர்கள் மைதானத்துக்குள் ஓடினார்கள். அதே ஆண்டில் சென்னையில் நடந்த ஐ.பி.எல். ஆட்டங்களில் இலங்கை வீரர்கள் எவரும் இறங்க இயலாது போனது. விலக்கப்பட்டவர்களில் முத்தையா முரளிதரனும் ஒருவர். கண்டியில் பிறந்த தமிழர், சென்னைக்கு மருமகன், முன்னர் சென்னை அணிக்காகவே பந்துவீசியவர். முள்ளிவாய்க்காலுக்காக நீதி கேட்டு எழுந்த கோபம் ஒரு தமிழனையே வாசலில் நிறுத்தியது. போஸ்டாட்டின் ஃபிலியோலைப் பற்றி வாசித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அதுதான். அதற்காக, ஆர்ப்பாட்டம் செய்தவர்கள் வீட்டில் இருந்திருக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள் என்று உபதேசம் செய்பவர்களில் அநேகர், தங்களது அரசியல் ஏற்கெனவே நிறைவேறிவிட்டவர்கள் என்பது பத்திரிகைத் தொழிலில் இருந்த இத்தனை வருடங்களில் நான் கண்டது.

காலம் மாறியது, போஸ்டாட்டும் மாறியது. கடற்கரையின் அழகுக்கும் உபசரிப்புக்கும் வீரர்கள் அதைக் கொண்டாடினார்கள். 2002 முதல் 2012 வரை, அதன் தரத்திலான சுற்றுப்போட்டிகளில் சிறந்ததாக வீரர்கள் ஆண்டுதோறும் அதையே தெரிவுசெய்தார்கள். 2005இல், முதலாவது பிரெஞ்சுப் பட்டத்தை வென்ற கையோடு வந்த பத்தொன்பது வயது ரஃபேல் நடால் அங்கும் வென்றார். 2013இல் செரீனா வில்லியம்ஸ் பெண்கள் பட்டத்தை வென்றார். 1968இல் இளைஞர்கள் கற்களோடு வந்த ஊருக்கு இப்போது செல்வந்தர் வீட்டு இளைஞர்கள் ஷாம்பெய்ன் போத்தல்களோடு வந்தார்கள். இரண்டு போத்தல்களை வாங்கி ஒன்றை மதுபானசாலையின் தொட்டிக்குள் ஊற்றிவிடச் சொல்வது அவர்களது பெருமை. அந்தச் செய்கையைக் குறிக்கும் 'வஸ்கா' என்ற சொல் 2010இல் சுவீடிஷ் மொழியின் புதிய சொற்கள் பட்டியலிலேயே ஏறிவிட்டது. கேட்டபோது சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை.

ஆனால், சுவீடன் டெனிஸின் ஊற்று வற்றிக்கொண்டிருந்தது. 2009இல் பாரிஸில் நடாலை முதன்முதலாகத் தோற்கடித்த ரொபின் சோடர்லிங், அதே ஆண்டிலும் 2011இலும் போஸ்டாட்டில் வென்றார். 2011 இறுதியாட்டத்தில் டேவிட் ஃபெரரை 6-2, 6-2 என்று வீழ்த்தியபோது அவருக்கு வயது இருபத்தாறு. அதற்குப் பிறகு சுரப்பிக் காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளியது. அவர் திரும்பவும் ஒரு போட்டியிலும் ஆடவில்லை. 2025 வரை வேறெந்த சுவீடன் வீரரும் அங்கு ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை வெல்லவும் இல்லை.

அரசியலும் அந்த மாகாணத்தை விட்டு விலகிவிடவில்லை. காஸா போர் முடிந்து சில வாரங்களில், 2009 மார்ச்சில், தெற்கே உள்ள மல்மோ நகரில் சுவீடனும் இஸ்ரேலும் டேவிஸ் கிண்ணத்தில் மோதின. வெளியே ஆயிரக்கணக்கானோர், உள்ளே அழைக்கப்பட்ட சில நூறு பேர். 3-2 என்று இஸ்ரேல் வென்றது. 1975ஐ நேரில் கண்டவர்களுக்கு அந்தக் காட்சி பரிச்சயமானதாக இருந்திருக்கும்.

2019 ஜூலையில் போஸ்டாட்டின் ஒற்றையர் பட்டத்தை வென்றவர் சிலியைச் சேர்ந்த நிக்கொலாஸ் ஜாரி. அவரது வாழ்வின் முதலாவது ஏ.ரி.பி. பட்டம் அது. அரங்கு நிறைந்த கோடை நாள், கைதட்டல், கிண்ணம். ஜாரியின் தாய்வழிப் பாட்டனார் ஹைமே ஃபிலியோல். நாற்பத்துநான்கு வருடங்களுக்கு முன்னர் அதே ஊரில், வெறும் ஆசனங்களுக்கு முன்னால், உயிருக்கு அஞ்சி ஆடியவர். செய்தி நிறுவனங்களின் அறிக்கைகள் பேரனின் ஆட்டத்தைப் பற்றியே அதிகம் பேசின. நான் அன்று பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்திருந்தால் பாட்டனாரைத் தலைப்பில் போட்டிருப்பேன்.

2023இல் வென்றவர் அன்ட்ரே ருப்லெவ், ரஷ்யர். 2022 பெப்ரவரியில் உக்ரேன் மீதான படையெடுப்பு ஆரம்பித்த மறுநாள், டுபாயில் ஆட்டம் முடிந்ததும் தொலைக்காட்சிக் கெமராவின் கண்ணாடியில் போர் வேண்டாம் என்று எழுதியவர். அந்த ஆண்டு முதல் ரஷ்ய அணிக்கு டேவிஸ் கிண்ணத்தில் இடமில்லை. தனிப்பட்ட வீரர்கள் மாத்திரம் கொடியும் நாட்டின் பெயரும் இல்லாமல் ஆட அனுமதிக்கப்பட்டார்கள். 1968இலும் 1975இலும் நடுநிலை நாடாக இருந்த சுவீடன் அப்போது நேட்டோவில் சேருவதற்கு விண்ணப்பித்துக் காத்திருந்தது. போஸ்டாட்டின் இறுதியாட்டத்தில் ருப்லெவ் நோர்வேயின் கஸ்பர் ரூட்டைத் தோற்கடித்தார். ரூட்டின் பெயருக்கு அருகில் நோர்வேயின் கொடி இருந்தது. ருப்லெவின் பெயருக்கு அருகில் எதுவும் இல்லை. மறுவருடம், பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தயாராகுவதற்காக வந்திருந்த நடாலை இறுதியாட்டத்தில் வென்ற நூனோ போர்ஜஸின் பெயருக்கு அருகில் போர்த்துக்கலின் கொடி இருந்தது.